பெரியவர் கை இறங்கும் முன்னே

கிரேனுக்கு அழுகை மூக்கில்தான் ஆரம்பிக்கும். முதலில் மூக்கு நுனி சிவக்கும், பிறகு விடைக்கும், அதற்குள் ஆள் எழுந்து ஏதாவது ஒரு ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வான். அண்டா மாதிரி உடம்பு. நாலு பேர் முக்கி முனகித் தூக்கும் பெட்டியை ஒற்றை ஆளாய்த் தூக்கி லாரியில் வைக்கிற தோள். அப்படிப்பட்டவன் ஓபோ என்கிற ஒரு முழக் குழாயின் சத்தத்துக்குத் தேம்புவதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். சிரித்தவர்கள் யாரும் இரண்டாம் முறை சிரித்ததில்லை என்பது வேறு விஷயம்.

கிரேன் என்று பெயர் வைத்தவர் மாமா. அதாவது அக்காவின் புருஷன். கல்யாணம், கட்சிக் கூட்டம், பள்ளி ஆண்டு விழா எதுவானாலும் மைக் செட் வாடகைக்கு விடுகிற சவுண்டு சர்வீஸ் முதலாளி. கீழே கிடங்கு, மேலே வீடு. "கல்யாணத்தப்போ அக்காகூட வந்த சாமான்ல இவனும் ஒண்ணு. மத்ததெல்லாம் துருப்பிடிச்சுப் போச்சு, இது மட்டும் இன்னும் உழைக்குது" என்று மாமா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். கிரேனும் சேர்ந்து சிரிப்பான். தன்னைப் பற்றிய கேலிக்கு முதல் ஆளாய்ச் சிரித்துவிட்டால் வலிக்காது என்பது அவன் கண்டுபிடித்த வைத்தியம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கிடங்கில் கூட்டம் கூடும். சினிமா படங்களின் பின்னணி இசையை முழு ஆர்கெஸ்ட்ரா வைத்து மேடையில் வாசிக்கிற வீடியோக்களைப் போட்டுப் பார்த்து, பேசி, சண்டை பிடிக்கிற கூட்டம். இணையத்தில் இந்தக் கூட்டத்துக்கு ஆயிரக்கணக்கில் ஆள் உண்டு. எந்த ஊர் ஆர்கெஸ்ட்ரா எந்தப் படத்தை வாசித்தது, செல்லோவில் யார் பிசிறினார், டிரம்பெட்காரர் எங்கே மூச்சு வாங்கினார் என்று நாடு நாடாக உட்கார்ந்து அலசுவார்கள். அதில் நேரில் கூடுகிறவர்கள் இந்தக் கிடங்குக்காரர்கள் மட்டும்தான். தொல்லையே அதுதான். திரையில் திட்டினால் எச்சில் தெறிக்காது. நேரில் திட்டினால் எச்சிலுக்குப் பின்னாலேயே கை வரும்.

உதாரணத்துக்குப் பல் டாக்டரின் முன்பல். துரத்தல் காட்சி ஒன்றை ஒரு வெளிநாட்டு ஆர்கெஸ்ட்ரா கொஞ்சம் நிதானமாக வாசித்திருந்தது. ஆம்புலன்ஸ் டிரைவர், "இது துரத்தலா, இல்ல சாப்பிட்டுட்டு நடக்கிற நடையா?" என்றார். "எல்லாத்தையும் உங்க வண்டி மாதிரி ஓட்டணுமா? நீங்க ஏத்தினதுல பாதிப் பேரு நோயில சாகல, பயத்துல செத்தாங்க" என்றார் பல் டாக்டர். அடுத்த நொடி மைக் ஸ்டாண்டு ஒன்று காற்றில் வந்தது. தரையில் கிடந்த பல்லைக் குனிந்து எடுத்தவரும் டாக்டர்தான், அதைக் கண்ணாடி பார்த்துத் தானே ஒட்டிக்கொண்டவரும் டாக்டர்தான். அதற்காக டாக்டரின் கிளினிக்குக்கு அடித்த டிரைவரே ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனார். போகிற வழியெல்லாம் சைரனுக்கு மேலே குரல் எழுப்பி அதே விவாதம் நடந்ததாகக் கேள்வி.

ஆனால் இந்த எல்லாரும் ஒரே குரலில் பேசுகிற விஷயம் ஒன்று உண்டு. அது "கோடாரி."

பெரியவர் என்று ரசிகர்கள் சொல்கிற இசையமைப்பாளர், பழைய படம் ஒன்றின் கடைசிக் காட்சிக்குப் போட்ட இசை அது. அண்ணன் தம்பியை வெட்டக் கோடாரியை ஓங்குகிறான். வயலின்கள் மேலே மேலே ஏறி, கொம்புகள் அலறி, திடீரென்று எல்லாம் நிற்கும். கோடாரி அந்தரத்தில். மூச்சு விடாத ஓர் அமைதி. பிறகு மொத்த ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து ஒரே ஓர் அடி. தலை விழுந்தது என்று காதாலேயே தெரியும்.

தள்ளாத வயதில் பெரியவர் அதை மேடையில் தானே நடத்தினார். மாமாவும் அக்காவும் போயிருந்தார்கள். டிக்கெட் இரண்டுதான் கிடைத்தது என்பதால் கிரேன் வெளியே வேனுக்குக் காவல். படம் பிடிக்கக் கூடாது என்று அரங்கத்தில் அறிவிப்பு. மாமா சட்டைப் பைக்குள் போனை ஒளித்து வைத்துப் பிடித்தார், கடைசிக் கட்டத்தில் துணிந்து கையிலேயே எடுத்துவிட்டார். உலகத்தில் அந்தக் கச்சேரிக்கு இருக்கிற ஒரே வீடியோ அதுதான். அதில், பெரியவர் இரண்டு கையையும் தூக்கி, அமைதி உறைந்து நிற்கிற அந்த நேரத்தில், "டப்" என்று ஒரு கைதட்டல். படம் ஒரு குலுங்கு குலுங்கும். பெரியவரின் தோள் லேசாகத் துணுக்குறும். அதற்குப் பிறகுதான் அடி விழும்.

அந்தக் கச்சேரிக்கு அப்புறம் பெரியவர் மேடை ஏறவில்லை. படுத்தவர் எழவில்லை. காய்ச்சலில் போனவரைக் கைதட்டல்தான் கொன்றது என்று ரசிகர்கள் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். வீடியோவுக்குக் கீழே மாமா முதல் வரியாக எழுதிப் போட்டிருந்தார்: "அந்தக் கையைக் கண்டுபிடித்து உடைப்பேன்." அதற்கு விழுந்த இதயங்களுக்குக் கணக்கே இல்லை. இசையை நேசிக்கிறவர்கள் இவ்வளவு பேர் எலும்பு முறிவையும் நேசிப்பார்கள் என்று யார் கண்டது.

கிரேனுக்கு அந்தக் கச்சேரியை நினைத்தால் வேறு ஒரு குத்தல். மறுநாள் காலை அவன் தெருமுனைக்கு டீ குடிக்கப் போயிருந்த நேரம், கிடங்கில் அவன் அடுக்கிய பெட்டி சரிந்து அக்காவின் வலது மணிக்கட்டில் விழுந்துவிட்டது. ஓடி வந்து பார்த்தபோது பெட்டியை மாமா நிமிர்த்தி வைத்தாகிவிட்டது. "நீ அடுக்கின லட்சணம்" என்றார் மாமா. கை கோணலாகக் கூடிற்று. ஈரத் துணி பிழிய வராது, பூட்டில் சாவி திருப்ப வராது. அன்றிலிருந்து வீட்டுத் துணியெல்லாம் கிரேன்தான் பிழிவான். பெட்டிகளுக்கு மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டுவான், கட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பான், போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்ப்பான்.

"உன் மேல ஒண்ணுமில்லடா" என்பாள் அக்கா, கேட்காமலேயே.

"ஆமா, என் மேல இல்ல, உன் மேலதான் விழுந்துச்சு" என்று கிரேன் சிரிக்கப் பார்ப்பான். மூக்கு சிவக்கும்.

அக்காவுக்கும் இசை என்றால் உயிர். ஞாயிறு மதியம் மாடி ஜன்னலோரம் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள். "கோடாரி" ஆரம்பித்தால் மட்டும் ஜன்னல் சாத்தப்படும். வெட்டுக் குத்து பிடிக்காது போல என்று கிரேன் நினைத்துக்கொண்டான். அவன் நினைப்பதெல்லாம் பெரும்பாலும் அப்படி நேர்வழியில்தான் போகும்.

இப்படி இருக்கையில், வேறொரு நாட்டு ரசிகன் ஒருவன் அந்த வீடியோவின் சத்தத்தை இரைச்சல் நீக்கிச் சுத்தப்படுத்திப் போட்டான். கூடவே ஒரு கேள்வி: "கைதட்டல் வயலினைவிடப் பக்கத்தில் கேட்கிறது. படம் பிடித்தவருக்குக் கை எட்டுகிற தூரம். பக்கத்து நாற்காலியில் இருந்தது யார்?" கேள்வி தீயாய்ப் பரவியது. மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை. போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்த நேரம் பார்த்து மாட்டினார் டைல்ஸ். வீடுகளுக்குத் தரை பதிக்கிறவர். இணையக் குழுவுக்குப் புதுசு. பாதி கிழிந்த டிக்கெட்டைப் படம் எடுத்துப் போட்டு, "நானும் அங்க இருந்தேன். இடது பக்கம். என் வாழ்க்கையிலயே பெரிய நாள் அதுதான்" என்று எழுதியிருந்தார். மாமா உடனே பதில் போட்டார்: "தம்பி, ஞாயிற்றுக்கிழமை நம்ம கிடங்குக்கு வாங்க. சேர்ந்து கேப்போம்."

டைல்ஸ் வந்தார். நகக்கண்ணில் சிமெண்டு, கையில் ஒரு பிஸ்கட் டப்பா, இஸ்திரி போட்ட சட்டை. எங்கே உட்காருவது என்று தெரியாமல் ஒரு கேபிள் சுருள் மேல் உட்கார்ந்தார். முதலில் ஓபோ வருகிற ஒரு கச்சேரியைப் போட்டார்கள். வழக்கம்போல் கிரேன் பெட்டிக்குப் பின்னால் போனான். அங்கே ஏற்கெனவே டைல்ஸ் நின்று சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தூசிங்க" என்றார்.

"ஆமா, இங்க ஓபோ தூசி கொஞ்சம் ஜாஸ்தி" என்றான் கிரேன். இருவரும் கீழே பார்த்துச் சிரித்தார்கள். கிரேனுக்கு ரொம்ப நாளுக்கு அப்புறம் ஒரு சிநேகிதன் கிடைத்த மாதிரி இருந்தது.

அடுத்து மாமா "கோடாரி" போட்டார். மேலே ஜன்னல் சாத்துகிற சத்தம். பெரியவர் கை தூக்கினார், அமைதி விழுந்தது, "டப்" வந்தது. மாமா படத்தை அங்கேயே நிறுத்தினார். எழுந்து போய் ஷட்டரை இழுத்து மூடினார். ஸ்டாண்டில் போனை மாட்டி, ஒரு மைக்கையும் பக்கத்தில் வைத்து மிக்ஸரில் குமிழை ஏற்றினார்.

"தம்பி, இடது பக்கம்னு சொன்னீங்கல்ல. எந்த சீட்டு?"

"தூணுக்குப் பின்னாடிண்ணே. பாதி மேடைதான் தெரிஞ்சது. ஆனா காதுக்கு முழுசா தெரிஞ்சது."

"என் பக்கத்துல உக்காந்திருந்தது நீதான்."

டைல்ஸ் சிரித்தார். தமாஷ் என்று நினைத்துவிட்டார். "இல்லண்ணே, நான் உங்கள அங்க பாக்கவே..."

மிச்சம் வாய்க்குள்ளேயே நசுங்கியது. ஆம்புலன்ஸ் டிரைவரின் முழங்கை அங்கே வந்து சேர்ந்திருந்தது. டைல்ஸ் பிஸ்கட் டப்பாவோடு மல்லாந்தார். பல் டாக்டர் வயிற்றில் உதைத்தார். படித்தவர் உதை என்பதால் செருப்பைக் கழற்றிவிட்டு உதைத்தார். "பெரியவரைக் கொன்னவனே! பெரியவரைக் கொன்னவனே!" என்று இருவரும் தாளம் தப்பாமல் கத்தினார்கள். டிரைவர் தலைமுடியைப் பிடித்துத் தூக்கி ஸ்பீக்கர் பெட்டியின் விளிம்பில் மோத, நெற்றி பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. பிஸ்கட்டெல்லாம் காலடியில் நொறுங்கிற்று.

"நான் கை தட்டலண்ணே! நான் மூச்சே விடலண்ணே!"

"மாமா, கொஞ்சம் கேட்டுட்டு..." என்றான் கிரேன்.

"கேக்கறதுக்கு என்ன இருக்கு? போன் ஓடுது. உலகமே பாக்கப்போகுது. அவன் வலது கையை எடுத்துப் பெட்டி மேல வச்சுப் பிடி மச்சான்."

மைக் ஸ்டாண்டின் அடித்தட்டை மாமா கழற்றியிருந்தார். வட்டமான வார்ப்பிரும்பு. குழந்தை தூக்க முடியாது, கால் விரலில் விழுந்தால் நகம் மிஞ்சாது.

கிரேன் பிடித்தான். அவனுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து மாமா "பிடி" என்றால் பிடிப்பதும் "விடு" என்றால் விடுவதும்தான் வேலை. கை பழக்கத்தில் போய்விட்டது. டைல்ஸின் மணிக்கட்டு அவன் உள்ளங்கைக்குள் குருவி மாதிரி துடித்தது.

டைல்ஸ் அவனை நிமிர்ந்து பார்த்தார். ஒரு கண்ணில் ரத்தம், மற்றக் கண்ணில் ஓபோ தூசி இன்னும் காயவில்லை. "வலது கை வேணாங்க. இடது கைய எடுத்துக்கங்க. வலது கை இல்லன்னா தரை சமமா வராது. ரெண்டு பிள்ளைங்க."

கிரேனின் மூக்கு சிவந்தது. பிடி தளர்ந்தது.

"மாமா, வேணாம் மாமா."

"பெட்டி அடுக்கத் தெரியாத கை, பிடிக்கவாச்சும் தெரியுதா பாரு! உங்க அக்காவ ஊனமாக்கினது பத்தாதா? பிடிடா!"

"இல்ல மாமா, இவரு..." என்று கிரேன் வாயைத் திறந்தான்.

மாமா அறைந்தார். மைக்குக்கு மிக அருகில், கிரேனின் திறந்த வாய்க்கு மேலே, முழுக் கையையும் வீசி. அந்தச் சத்தம் மைக் வழியாகப் போய், மிக்ஸர் வழியாகப் போய், கிடங்கில் இருந்த எல்லாப் பெட்டிகளிலிருந்தும் ஒன்றாக வெளியே வந்தது.

"டப்."

எல்லோரும் அப்படியே நின்றார்கள். ஓங்கிய டிரைவரின் கை ஓங்கியபடி. அடுத்த உதைக்கு மடக்கிய டாக்டரின் கால் மடக்கியபடி. வேறு எந்தக் கூட்டமாக இருந்தாலும் சண்டை தொடர்ந்திருக்கும். ஆனால் இவர்கள் அந்தச் சத்தத்தைத் தூக்கத்திலும் கேட்டவர்கள். பெற்ற பிள்ளையின் அழுகையைக்கூட அடுத்த வீட்டுக் குழந்தை என்று விட்டுவிடுவார்கள், இதை விடமாட்டார்கள்.

"இது..." என்றார் டாக்டர்.

"அதேதான்" என்றார் தரையிலிருந்து டைல்ஸ்.

டிரைவர் ஓடிப்போய் வீடியோவைக் கொஞ்சம் பின்னால் தள்ளி ஓட விட்டார். டப். நிறுத்தினார். மறுபடி. டப்.

"என்ன பைத்தியக்காரத்தனம்? அது கைதட்டல்" என்றார் மாமா.

"இருங்க" என்றார் டாக்டர். வாய் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் அவருக்கு ஒரு தோரணை வந்துவிட்டது. டிரைவரை மைக் முன்னால் நிறுத்தி, வாயை மூடச் சொல்லி, ஓர் அறை விட்டார். சட்டென்று தட்டையான சத்தம்.

"இது இல்ல."

"இது உங்க பல்லுக்குப் பழிவாங்கல்" என்றார் டிரைவர், கன்னத்தைத் தடவிக்கொண்டே. அடுத்து இரண்டு உள்ளங்கையைத் தட்டிப் பார்த்தார்கள். அதுவும் இல்லை, அதில் ஆழமே இல்லை.

டைல்ஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "நான் ஒண்ணு அடிச்சுப் பாக்கட்டுங்களா?"

டிரைவருக்கு மறுக்க முகம் இல்லை. "வாயைத் திறங்க" என்றார் டைல்ஸ், மரியாதையோடு. திறந்தார். நாள் முழுக்கக் கல் தூக்குகிற கை, வலது கை, காப்பாற்றப்பட்ட கை, சுழன்று வந்து இறங்கியது. டிரைவர் கேபிள் சுருளில் தடுக்கி விழுந்தார். எல்லாப் பெட்டியும் சேர்ந்து சொல்லிற்று: டப்.

டிரைவர் விழுந்த இடத்திலிருந்தே தலையாட்டினார்.

"அப்ப கைதட்டல் இல்ல" என்றார் டாக்டர் மெதுவாக. "அறை. வாங்கினவன் அப்ப வாயைத் திறந்துட்டு இருந்திருக்கான். அதுவும் போனுக்குப் பக்கத்துல." அவர் திரையைப் பார்த்தார். "அந்த இடத்துல படம் ஏன் ஆடுது? அதிர்ச்சியில கை நடுங்கினா மேலயும் கீழயும் ஆடணும். இது ஒரே பக்கமா, வலது பக்கமால்ல போகுது."

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள்.

கிரேனுக்குக் கணக்கு மெதுவாகத்தான் வரும். பெட்டி தூக்குகிற மாதிரி, முட்டியை மடக்கி, மூச்சைப் பிடித்து, அடியில் கை கொடுத்துத்தான் தூக்குவான். மாமா வாயைத் திறந்திருக்கிறார். இடது பக்கத்திலிருந்து யாரோ அறைந்திருக்கிறார்கள். யார் அறைந்தாலும் வலது கைதான் முதலில் எழும். மாமாவின் பக்கத்து நாற்காலிக்குத்தான் இரண்டாவது டிக்கெட். வலது கை. மறுநாள் காலை. பெட்டி.

பெட்டி சரிந்திருந்தால் கயிறு அவிழ்ந்திருக்க வேண்டும். அன்றைக்கு அவன் ஓடி வந்தபோது கயிறு அவன் கட்டினபடியே இருந்தது. கண்ணால் பார்த்தான். பார்த்துவிட்டு, மாமா சொன்னால் சரியாகத்தான் இருக்கும், நம் கண்ணுக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டான்.

அந்தக் கையைக் கண்டுபிடித்து உடைப்பேன் என்று மாமா எழுதினாரே, அது உடைத்த பிறகு எழுதியது.

"மாமா" என்றான் கிரேன். குரல் சாதுவாகத்தான் வந்தது. "பெட்டி சரியலையா மாமா?"

"டேய், வீட்டு விஷயத்த இங்க..."

கிரேன் அடித்தான். முதல் அடி மார்பில். மாமா பறந்து போய் அடுக்கி வைத்த பெட்டிகளில் மோதினார். மூன்று முடிச்சுப் போட்ட பெட்டிகள், அசையவில்லை. இரண்டாவது அடியில் மூக்கு உள்ளே போன சத்தம் மைக்கில் கேட்டது. மாமா ஒரு கேபிளை எடுத்துச் சுழற்றினார், பித்தளை முனை கிரேனின் காதைக் கிழித்தது. அவனுக்கு அது உறைக்கவில்லை. கேபிளோடு சேர்த்து மாமாவை இழுத்து, கழுத்தைப் பிடித்துத் தூக்கி, திரும்பத் திரும்பத் தரையில் போட்டான். ஒவ்வொரு தடவை போடும்போதும் ஒரே வாக்கியம்: "நான் துணி பிழிஞ்சேனே மாமா. நான் துணி பிழிஞ்சேனே." டிரைவரும் டாக்டரும் விலக்க வந்து ஆளுக்கொரு மூலையில் விழுந்தார்கள். டாக்டரின் ஒட்டுப் பல் மறுபடி காணாமல் போயிற்று.

பிறகு கிரேன் மாமாவின் வலது கையை இழுத்துப் பெட்டி மேல் வைத்தான். முழங்காலால் அதை அழுத்திக்கொண்டு வார்ப்பிரும்பை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினான்.

"டேய்."

மாடிப்படியில் அக்கா நின்றாள். கையில் காய் நறுக்கும் கத்தியை வைக்க மறந்து அப்படியே வந்திருந்தாள். இடது கையில். வலது கைக்குக் கத்தி பிடிக்க வராது.

"நீ சொல்லு" என்று முனகினார் மாமா. "பெட்டிதான விழுந்துச்சு? சொல்லு இவங்கிட்ட."

அக்கா அவரைப் பார்க்கவில்லை. நேராக டைல்ஸிடம் போனாள். நெற்றியைப் பார்த்து, கொடியில் கிடந்த துண்டை எடுத்து மடித்து வைத்து அழுத்தினாள். "இத விடாம பிடிச்சுக்கங்க" என்றாள். அதற்குப் பிறகுதான் தம்பியைப் பார்த்தாள்.

"பேச வாயைத் திறந்தாருடா. அந்த போனுல பேசறதுக்கு. 'பாருங்க மக்களே'ன்னு. பெரியவர் கை ரெண்டும் மேல நிக்குது. அவ்வளவு பெரிய மண்டபம், ஒரு பிள்ளை இருமல. இவரு வாயைத் திறக்கறாரு." அவள் கோணல் மணிக்கட்டைப் பார்த்தாள். "என் கை என்னைக் கேக்கலடா. அதுவாப் போயிடுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் விடிஞ்சது. நீ டீ குடிக்கப் போன."

"ஏங்க்கா எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா இப்ப நிக்கற மாதிரியே அன்னிக்கு நின்னிருப்ப. ஜெயிலுக்கு வந்து உன்னப் பாக்க எனக்குத் தெம்பில்ல. அதான் தினம் சொன்னேனே, உன் மேல ஒண்ணுமில்லன்னு."

கிரேனின் மூக்கு வழிந்தது. துடைக்கக் கை இல்லை. இரும்பு மேலேயே நின்றது.

"அக்கா, உடைக்கிறேன்க்கா."

"உடைச்சா? யாரு அவருக்குச் சோறு ஊட்டறது? யாரு கழுவி விடறது? உங்க டாக்டரா? நான்தானே? என் ஒத்தக் கையால அவரோட ரெண்டு கை வேலையும் பாக்கணுமா?"

இந்தக் கோணத்தில் கிரேன் யோசித்திருக்கவில்லை. பழி வாங்குகிறவர்கள் யாரும் இந்தக் கோணத்தில் யோசிப்பதில்லை.

"நான் என் துணிய எடுத்துட்டு வர்றேன்" என்றாள் அக்கா. "வாசல் தாண்டற வரைக்கும் அந்தக் கை முழுசா இருக்கணும். அதுக்கப்புறம் அது என் பாடில்ல."

படியேறிப் போனாள். கிடங்கில் யாரும் அசையவில்லை. கிரேன் இரண்டு கையையும் தூக்கியபடி நின்றான். டிரைவர் கன்னத்தைப் பிடித்தபடி, டாக்டர் வாயைப் பிடித்தபடி, டைல்ஸ் நெற்றியைப் பிடித்தபடி நின்றார்கள். மேலே பீரோ திறக்கிற சத்தம், செருப்புச் சத்தம். மாமா வாயைத் திறந்தார்.

"ஷ்ஷ்" என்றார் டாக்டர். மாமா மூடிக்கொண்டார்.

அக்கா ஒரு பழைய டிரங்குப் பெட்டியைப் ஒவ்வொரு படியாக இறக்கிக்கொண்டு வந்தாள். டைல்ஸ் போய் ஷட்டரைத் தூக்கிவிட்டார். வெயில் உள்ளே வந்து நொறுங்கிய பிஸ்கட் மேல் விழுந்தது. அவள் வாசல் தாண்டினாள், தெருவில் நின்றாள், திரும்பினாள்.

"டேய், இந்தப் பெட்டிய யாருடா வேன்ல ஏத்தறது?"

கூப்பிட்டால் போக வேண்டியதுதான். டிரங்குப் பெட்டி தூக்க இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். கிரேன் இரும்பைக் கீழே வைத்தான். எங்கே வைக்கிறோம் என்று குனிந்து பார்க்கவில்லை.

அந்தச் சத்தமும் அதைத் தொடர்ந்த மாமாவின் அலறலும் எல்லாப் பெட்டியிலும் ஒருசேரக் கேட்டன. தெருவில் ஒரு நாய் எழுந்து இடம் மாறிப் படுத்தது.

டிரைவர் தலையைச் சொறிந்தார். "வண்டியில ஒரு படுக்கைதான் இருக்கு. யார ஏத்தறது?"

"டைல்ஸ ஏத்துங்க" என்றான் கிரேன் வெளியிலிருந்து. "மாமாவுக்குக் காலு நல்லாத்தான் இருக்கு."

டைல்ஸ் ஏறுவதற்கு முன்னால் வேன் பக்கமாக வந்தார். துண்டை நெற்றியில் அழுத்திக்கொண்டே, வலது கையை விரித்து மடக்கிப் பார்த்துக்கொண்டார். "எங்க போறீங்க?"

"தெரியல. வேன் மாமாவோடது. எங்கயாவது பெட்டிய இறக்கிட்டுத் திருப்பித் தரணும். அதுக்கு ஒரு வீடு பாக்கணும்."

"நான் தரை போட்ட வீடு ஒண்ணு காலியா இருக்கு. சின்னதுதான். ஆனா தரை சமமா இருக்கும்."

"அந்தக் கையாலதான?" என்றாள் அக்கா.

"இந்தக் கையாலதான்க்கா."

கிரேன் டிரங்குப் பெட்டியைத் தூக்கி வேனில் வைத்தான். கயிற்றை எடுத்துச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டான். பழக்கத்தில் இரண்டாவதுக்குக் கை போயிற்று. கொஞ்சம் நின்றான். ஒன்று போதும் என்று பட்டது. இழுத்துப் பார்க்காமலேயே போய் வண்டியைக் கிளப்பினான்.